வேணும்னா வேணும்னு சொல்லுங்க

அக்டோபர் 27, திங்கள்

சிந்துஜா காலை ரயிலில் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள். கம்பெனிப் பெயரைத் தங்க எழுத்தில் போட்ட இந்த டைரியைக் கையில் கொடுத்து, "ஆச்சி, இதுல பால் கணக்கு எழுதாத. உனக்குத் தோணுறத எழுது" என்றாள். வருஷம் முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது. முன்பக்கமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. கிடக்கட்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனால் வாத்தியார் என் சிலேட்டைத் தூக்கிப் பிடித்து, "வெள்ளத்தாய் எழுதினா அச்சடிச்ச மாதிரி இருக்கும்" என்று வகுப்புக்கே காட்டிய கையெழுத்து இது.

பேத்தி கம்ப்யூட்டர் இஞ்சினியர். தெருவில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, இதிலும் எழுதி வைக்கிறேன். அவள் கம்பெனியில் ஒரு வழக்கம். ஊருக்கு நல்லது செய்கிற அமைப்பு ஏதாவது ஒன்றுக்கு, அவரவர் படித்த வேலையைக் கொஞ்ச நாள் சும்மா செய்து கொடுக்க வேண்டுமாம். "எந்த ஊர்ல வேணாலும் செய்யலாம் ஆச்சி. நான் நம்ம கோவில்பட்டிய கேட்டு வாங்கிட்டேன்" என்றாள். அவள் அப்பனும் அம்மாவும் ஓசூரில். இவளுக்கு ஆச்சி ஊர்தான் நினைப்பு வந்திருக்கிறது.

அமைப்பும் கையோடு இருக்கிறது. ரிட்டயரான எஸ்தர் டீச்சர் நடத்துகிற 'உலை'. தனியாக இருக்கிற வயசானவர்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாடு தூக்குவாளியில் போகும். என் சிநேகிதி சீனியம்மாளுக்கும் அங்கிருந்துதான் வருகிறது. இதை எழுதினேன் என்று தெரிந்தால் அவள் என்னோடு பேச மாட்டாள். "திருப்பூர்ல இருந்து மகன் அனுப்புதான், எனக்கென்ன குறை" என்பதுதான் அவள் வெளியே சொல்வது. கை நடுக்கம் வந்த பிறகு அவளால் சோறு வடிக்க முடிவதில்லை. அதையும் வெளியே சொல்வதில்லை.

அக்டோபர் 29, புதன்

டீச்சர் வீட்டுக்கே வந்தார்கள். சேமியா பாயசம் வைத்தேன். முந்திரி கொஞ்சம் கருகிவிட்டது.

டீச்சர் கவலை இதுதான். தூக்குவாளி கொண்டு போகிற செல்லச்சாமி எல்லா வீட்டிலும் வைத்துவிட்டு வந்துவிடுகிறான். ஒரு வீட்டில் மகள் வந்திருப்பாள், ஒரு வீட்டில் ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கும். சோறு புளித்துத் திரும்பி வருகிறது. "அரிசி குடுக்கிறவங்க குப்பைத் தொட்டிய எட்டிப் பாத்துட்டுப் போறாங்கம்மா. எனக்கு நெஞ்சு அடைக்குது."

"தினமும் காலைல போன் பண்ணிக் கேட்டுட்டா?" என்றாள் சிந்துஜா.

"அத்தனை பேருக்கும் யாரும்மா போன் போடுறது? நான் காய் நறுக்கவா, போன் போடவா?"

"நீங்க போட வேண்டாம் டீச்சர். மிஷின் போடும்."

டீச்சர் என்னைப் பார்த்தார்கள். நான் பாயசத்தை இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

அக்டோபர் 31, வெள்ளி

இன்று நான் வேலை செய்தேன். கம்ப்யூட்டர் வேலை.

மிஷினுக்கு ஒரு குரல் வேண்டுமாம். "பேங்க்ல இருந்து பேசுற பொம்பளை மாதிரி இருந்தா வச்சிருவாங்க. உன் குரல்னா பயப்பட மாட்டாங்க ஆச்சி" என்று என்னை உள்ளறையான அரங்கு வீட்டுக்குள் உட்கார வைத்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, போனை வாய்க்கு நேரே பிடித்தாள்.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னேன். "நல்லா இருக்கியளா? வெள்ளத்தாய் பேசுதேன். மத்தியானத்துக்குச் சோறு குடுத்துவிடச் சொல்லட்டா? வேண்டாம்னு சொல்லாதீக. ரெண்டு வாயாச்சும் சாப்பிடணும். என்ன, சொல்லிரட்டா?"

சிந்துஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆச்சி, இது கேக்குற மாதிரி இல்ல, மிரட்டுற மாதிரி இருக்கு."

"நாங்க இப்படித்தான்ட்டி கேப்போம்."

"வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான். அவங்க சொல்றத அப்படியே எடுத்துக்கணும். அதுதான் அவங்களுக்கு மரியாதை. அப்புறம், மிஷினுக்கு ரெண்டே வார்த்தைதான் புரியும். வேணும், வேண்டாம்."

படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, கடைசியில் இப்படி நின்றது: "வணக்கம். உலையிலிருந்து பேசுறோம். இன்னைக்குச் சாப்பாடு வேணுமா? வேணும்னா வேணும்னு சொல்லுங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க." பதில் வந்ததும் சொல்வதற்கு, "நன்றி, வணக்கம்" என்று தனியாக ஒன்று.

போட்டுக் காட்டினாள். என் குரல் வெளியே நின்று என்னையே கூப்பிடுகிற மாதிரி இருந்தது. நல்ல கணீரென்ற குரல்தான் எனக்கு.

நவம்பர் 3, திங்கள்

மிஷின் இன்று தொடங்கியது. வேணும் என்றவர்களுக்கு மட்டும் சோறு போனது. ஒரு பருக்கை திரும்பி வரவில்லையாம். டீச்சர் போனில் அழுதே விட்டார்கள்.

தொடர்ந்து மூன்று நாள் வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்குப் போன் தானாக நின்றுவிடும், யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறாள். எவ்வளவு யோசித்திருக்கிறாள் பாருங்கள்.

சாயங்காலம் சீனியம்மாள் கூப்பிட்டாள்.

"ஏட்டி வெள்ளத்தாயி, காலைல போன் போட்டுட்டு நான் பேசுததுக்குள்ள வச்சிட்டியே, என்ன அவசரம்?"

"அது நான் இல்லட்டி. மிஷின். என் பேத்தி செஞ்சது."

"உன் குரலு எனக்குத் தெரியாதா? தீப்பெட்டி ஆபீஸ்ல பக்கத்துப் பலகையில உக்காந்து எத்தனை வருசம் கேட்டிருக்கேன். பேத்தி வந்ததும் நீயும் மிஷின் ஆயிட்டியாக்கும்."

"சரி, நீ என்ன சொன்ன?"

"வேண்டாம்னேன். உன்கிட்டப் போயி சோறு வேணும்னு கேக்குத அளவுக்கு நான் இன்னும் போயிடல."

"ஆமா, நீ பெரிய ஜமீன்தாரிணி" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். மிஷின் குரலை நிஜக் குரல் என்று நம்பும்படி இருக்கிறதே என்று எனக்குள் ஒரு சந்தோஷம். சிந்துஜாவிடம் சொன்னேன். அவளும் சந்தோஷப்பட்டாள்.

நவம்பர் 5, புதன்

செல்லச்சாமி உலைக்குக் காலி டப்பா கேட்டு வந்தான். அவனுக்கு ஐம்பது வயசுக்கு மேல், முதுகுவலி.

"உங்க பேத்தி புண்ணியத்துல எனக்கு அலைச்சல் பாதி மிச்சம் ஆச்சி. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய சோலியே இல்ல. சீனியாச்சிகிட்ட ஏச்சு வாங்கவும் வேண்டாம்."

"அவ எதுக்கு ஏசுதா?"

"தினமும் ஏசும். 'வேண்டாம்னு சொன்னேன்லால, எடுத்துட்டுப் போ'ன்னு. நான் நிக்கவே மாட்டேன், வாசல்ல வச்சிட்டு வண்டிய எடுத்திருவேன். மறுநாள் போனா முந்தின நாள் வாளிய கழுவித் தொடைச்சு வச்சிருக்கும். வெறும் வாளியாத் தராது. ஒரு கை முருங்கைக்கீரை உள்ள கிடக்கும். அதை என் வீட்டுக்காரி கடைஞ்சிருவா."

சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான். நானும் சிரித்தேன். அவள் வீட்டு வாசல் முருங்கை எனக்குத் தெரியும். நல்ல இளங்கீரை.

நவம்பர் 8, சனி

மழை. முழங்காலுக்குப் பட்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ரசமும் சுட்ட அப்பளமும்.

சிந்துஜா கம்ப்யூட்டரில் அவள் பெரிய ஆபீசர்களுக்கு உலையைப் பற்றிச் சொன்னாள். சின்னச் சின்னக் கட்டத்துக்குள் எத்தனை முகம்! எல்லாம் கை தட்டின. "திஸ் இஸ் மை கிராண்ட்மதர்" என்று என்னை இழுத்துக் காட்டினாள். நல்லவேளை, காலையிலேயே பச்சைப் பட்டு மாற்றியிருந்தேன். வெள்ளைக்காரர் ஒருவர் வணக்கம் வைத்தார். நானும் வைத்தேன். எந்த வீட்டுக் கிழவிக்கு இது கிடைக்கும்.

நவம்பர் 11, செவ்வாய்

சிந்துஜா கொண்டு போவதற்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். சீனியம்மாள் போன். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"சாப்ட்டியா?" என்றேன்.

"ஆச்சு."

"என்ன குழம்பு?"

"புளிக்குழம்பு."

"நேத்தும் புளிக்குழம்புன்ன."

"சுட வச்சுக்கிட்டேன்." அதோடு விடாமல், "என்ன, இப்ப காலைல போன் கூடப் போட மாட்டேங்க. கோவமா?" என்றாள்.

"கோவம் என்னட்டி கோவம். பேத்தி கிளம்புதா, முறுக்கு போட்டுக்கிட்டிருக்கேன்."

"முந்தியெல்லாம் நீ ஒரு தடவையோட விட மாட்ட. தூக்குச்சட்டிய என் மடியில கவுத்துட்டுல போவ."

முறுக்கு சிவந்துவிட்டது. "அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டேன். அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. மழைக்கு டவர் சரியில்லை.

தீப்பெட்டி ஆபீஸில் அப்படித்தான். அவள் சோறு கொண்டு வராத நாளில் "சாப்பிடுதியா?" என்றால் "பசிக்கல" என்பாள். இரண்டாவது கேட்டால் "வேண்டாம்ட்டி" என்பாள். மூன்றாவது கேட்டால் பேசாமல் கையை நீட்டுவாள். நான் இல்லாத நாளில் அவளும் எனக்கு அப்படியே. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. முறுக்கு நன்றாக வந்தது. மூன்று டப்பா.

நவம்பர் 14, வெள்ளி

சிந்துஜா போய்விட்டாள். வீடு ஓவென்று இருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

மழை விட்டபாடில்லை. ரயில் பாதைக்கு அடியில் முட்டளவு தண்ணீர் என்று ஆட்டோக்காரர் வர மாட்டேன் என்கிறார். சீனியம்மாளுக்குப் போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. டீச்சரிடம் கேட்டேன்.

"சீனியம்மாளா? அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்களேம்மா. முதல் நாள்லருந்தே. மகன் வந்திருப்பார் போல. நிம்மதியா இருக்காங்கன்னு நினைச்சேன்."

"முதல் நாள்லருந்தா?"

"ஆமா. வேணும்னா வேணும்னு சொல்லியிருப்பாங்கல்ல?"

ஆமாம், சொல்லியிருப்பாள். மகன்தான் வந்திருப்பான். திருப்பூரில் இப்போது வேலை குறைவு என்றுகூட யாரோ சொன்னார்கள்.

உப்புமா கிண்டி ஒரு வாளியில் போட்டு மூடி வைத்தேன். மழை விட்டால் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று. விடவில்லை. சாயங்காலம் நானே தின்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்

காலையில் செல்லச்சாமி வந்தான். நனைந்துபோய் வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்றேன். வரவில்லை.

"ஆச்சி, சீனியாச்சி போயிருச்சு."

பக்கத்து வீட்டுப் பெண் குழாயில் தண்ணீர் வருகிறது என்று சொல்லக் கதவைத் தட்டியிருக்கிறாள். பாயில் ஒருக்களித்துப் படுத்த மேனிக்கு இருந்திருக்கிறாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருக்கும் என்றாராம். சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல் போட்டிருக்கிறாள். வயிற்றில் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனை விட்டு டீக்கடையில் பன் வாங்கிக்கொண்டிருந்தாளாம். மழையில் கடை திறக்கவில்லை. அந்தப் பெண்ணும் கேட்டிருக்கிறாள், "ஆச்சி, சாப்டீங்களா?" என்று. "ஆச்சு" என்றாளாம்.

செல்லச்சாமி கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. நம் உலை வாளி. கடைசியாக அவன் கொண்டு போய் வைத்தது, மாற்று வாளி போகாததால் அவளிடமே நின்றுவிட்டது. வாசல்படிக்கு உள்பக்கம், தினமும் வைக்கிற இடத்திலேயே வைத்திருந்தாளாம். கழுவித் துடைத்து.

மூடியைத் திறந்து காட்டினான். முருங்கைக்கீரை. அடியில் கிடந்தது சருகாகி நொறுங்கிவிட்டது. அதன் மேல் வாடினது. அதற்கும் மேல் பறித்துப் போட்டது இன்னும் பச்சையாக இருந்தது.

"நான் போகாட்டியும் தினமும் பறிச்சுப் போட்டிருக்கு ஆச்சி" என்றான்.

மூடச் சொன்னேன்.

நவம்பர் 19, புதன்

செல்லச்சாமி வண்டியில் பின்னால் உட்கார்ந்து, தண்ணீருக்குள் போனேன். நேற்று வரை போக முடியாத வழி.

மகன் திருப்பூரிலிருந்து வந்துவிட்டான். முருகையா. நான் இடுப்பில் தூக்கி வைத்திருந்த பிள்ளை, தலை நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"சித்தி, நீங்க இருக்கீங்கன்னுதான நான் தைரியமா இருந்தேன். போன் பண்ணும்போதெல்லாம் சொல்லும், 'வெள்ளத்தாயி தினமும் சோறு வேணுமான்னு கேக்கா, என்னைப் பத்திக் கவலைப்படாத'ன்னு."

அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். அத்தனை பேர் இருக்கிற இடத்தில் என்ன சொல்வது.

வாய்க்கரிசி போடுகிறவர்கள் வாருங்கள் என்று குரல் கொடுத்தார்கள். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் எஸ்தர் டீச்சர். அவர்கள் வழக்கம் வேறு என்றாலும் போட்டார்கள். நான் அரிசியை அள்ளினேன். அவள் வாய் கொஞ்சம் திறந்தே இருந்தது. வேணுமா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோரும் போட்டோம். வழிந்து கன்னத்தில் இறங்கும் வரைக்கும் போட்டோம்.

நவம்பர் 20, வியாழன்

துணி துவைத்தேன். காயவில்லை.

நவம்பர் 22, சனி

சிந்துஜா போன். கம்பெனியில் அவளுக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்களாம். இந்த மிஷினை இன்னும் பல ஊர்களுக்குக் கொண்டு போகப் போகிறார்களாம். "உன் குரலையேதான் எல்லா ஊருக்கும் வைக்கப் போறோம் ஆச்சி. ராசியான குரல்னு டீம்ல எல்லாரும் சொல்றாங்க."

"சீனியம்மா ஆச்சி போயிட்டாட்டி" என்றேன்.

"ஐயோ. எப்படி ஆச்சி?"

"சர்க்கரை."

குழந்தை பாவம், அழுதாள். சின்ன வயசில் அவளுக்குச் சீனியம்மாள் தீப்பெட்டி அட்டையில் கட்டில் செய்து கொடுத்திருக்கிறாள்.

அவள் மூக்கைச் சிந்தி முடித்த பிறகு மெல்லக் கேட்டேன். "ஏட்டி, அந்த மிஷினை ஒரு தடவைக்கு மூணு தடவையாக் கேக்கச் சொல்ல முடியுமா?"

"எதுக்கு ஆச்சி? வேண்டாம்னு சொன்னவங்ககிட்ட மறுபடி மறுபடி கேட்டா எரிச்சலாயிடுவாங்க. வச்சிருவாங்க."

"இல்ல, வயசானவங்களுக்குக் காது சரியாக் கேக்காதுல்ல. அதுக்குச் சொன்னேன்."

"அதெல்லாம் சத்தம் கூட்டி வச்சிருக்கேன் ஆச்சி."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவள் பின்னால் யாரோ கை தட்டிச் சிரிக்கிற சத்தம் கேட்டது, அவளை வாழ்த்த வந்தவர்களாக இருக்கும். இருபத்தேழு வயசுப் பிள்ளை. நல்லது செய்ய வேண்டும் என்றுதான் செய்தாள். இனி எத்தனை ஊரில் எத்தனை வீட்டில் நான் போய்க் கேட்கப் போகிறேனோ.

கடைசியில் அவள் சொன்னாள். "நீயும் தனியாத்தான இருக்க. முழங்கால் வலியோட எதுக்குச் சமைச்சுக்கிட்டு? உன் நம்பரையும் உலைல சேர்த்துட்டேன். திங்கள்கிழமைலருந்து போன் வரும்."

நவம்பர் 23, ஞாயிறு

அடுப்புப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. முறுக்கு மிச்சம் இருந்தது. அதையும் காக்காய்க்குப் போட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

காலையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"வணக்கம். உலையிலிருந்து பேசுறோம். இன்னைக்குச் சாப்பாடு வேணுமா?"

நான்தான் பேசினேன். அந்தக் கணீர்க் குரல். அரங்கு வீட்டுப் போர்வைக்குள் பேசினதால் மூச்சுகூடக் கேட்கவில்லை, சுத்தமாக இருந்தது.

"வேணும்னா வேணும்னு சொல்லுங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க."

வேணும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். மிஷின்தானே, யாருக்குத் தெரியப் போகிறது. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் குடித்திருக்கிறேன். வாய் திறந்தே இருந்தது.

"வேண்டாம்" என்று வந்தது.

இன்னொரு தடவை கேட்கும் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

"நன்றி, வணக்கம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் என்றால் அது.

மத்தியானம் சிந்துஜா கூப்பிட்டாள். "போன் வந்துச்சா ஆச்சி? வேண்டாம்னு சொல்லியிருக்கியே, சமைச்சிட்டியா? சாப்ட்டியா?"

"ஆச்சு" என்றேன்.

"என்ன குழம்பு?"

"புளிக்குழம்பு" என்றேன்.